மூளைக்குள் ஒரு மவுஸ்

உங்கள் மவுஸ் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? ஒயரைக் கழற்றி மறுபடி செருகிப் பார்ப்பீர்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போய் வேறு ஒன்று வாங்கி வந்து மாட்டிவிடுவீர்கள். ஆனால் அந்த இணைப்பு ஒருவரின் மூளைக்குள் இருந்தால்? நினைத்தபோது கழற்றி மாட்ட முடியாது அல்லவா?

கை கால் அசையாதவர்கள் நினைப்பாலேயே கர்சரை நகர்த்தும் ஆராய்ச்சிகள் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். இதில் புரோகிராம் எழுதுவதுதான் கடினம் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்குப் புரிந்தவரை, அதைவிடக் கடினம் வேறு. மூளை ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருளைத் தேடுவதுதான் அது.

கார்டெக்ஸ் என்பது என்ன?

மூளையின் மேற்புறத்தைப் போர்த்தியிருக்கும் மடிப்பு மடிப்பான உறைக்குப் பெருமூளைப் புறணி என்று பெயர். டாக்டர்கள் இதைக் கார்டெக்ஸ் என்பார்கள். தடிமன் 2 முதல் 4 மி.மீ. தான். ஆனால் அதற்குள் சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. பார்ப்பது, பேசுவது, கையை அசைப்பது என ஒவ்வொரு வேலைக்கும் இதில் முக்கியமான இடங்கள் உண்டு.

நீங்கள் கையை அசைக்க நினைத்தவுடன், அதற்கான இடத்தில் உள்ள செல்கள் சிறு சிறு மின் துடிப்புகளை அனுப்புகின்றன. அவை முதுகுத் தண்டு வழியாகக் கைக்குப் போகின்றன. முதுகுத் தண்டு அடிபட்டால் கட்டளை கைக்குப் போய்ச் சேராது. ஆனால் மூளை கட்டளை கொடுப்பதை நிறுத்துவதில்லை. பிரிண்டர் கேபிள் அறுந்த பிறகும் நாம் பிரிண்ட் பட்டனைக் கிளிக் செய்வது போலத்தான் இது.

முதல் வெற்றி

மாத்யூ நேகிள் என்ற அமெரிக்க இளைஞர் 2001-ல் கத்தியால் குத்தப்பட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டொனஹ்யூ குழுவினரின் 'பிரெயின்கேட்' ஆராய்ச்சிக்காக, 2004 ஜூனில் அவருடைய கார்டெக்ஸில் ஒரு சிலிக்கான் சிப் பொருத்தப்பட்டது. சிப்பின் அளவு 4 மி.மீ.க்கு 4 மி.மீ. அதில் சீப்பின் பற்கள் போல 100 நுண்ணிய ஊசிகள். இதன் பெயர் யூட்டா அரே. யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கியது.

நேகிள் கையை அசைப்பதாக நினைத்தார். திரையில் கர்சர் நகர்ந்தது. மாதிரி இ-மெயிலைத் திறந்தார். டிவியை இயக்கினார். இந்த ஆய்வு 2006-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

கம்ப்யூட்டரின் பங்கு

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள சவுண்ட் கார்டு பாட்டை எப்படிப் பதிவு செய்கிறது? ஆடியோ சிடியின் தரம் வேண்டுமானால், ஒலி அலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. மூளைத் துடிப்புகளையும் இப்படித்தான் அளக்கிறார்கள். இவ்வகைக் கருவிகளில் ஒவ்வொரு ஊசியிலும் வினாடிக்கு 30,000 முறை அளப்பது வழக்கம். எந்தச் செல் எத்தனை முறை துடித்தது என்று எண்ணி, கை எந்தப் பக்கம் போக விரும்பியது என்பதைப் புரோகிராம் கணிக்கிறது.

இந்தப் பகுதி வேகமாக முன்னேறிவிட்டது. கையால் எழுதுவதாக நினைத்தே ஒருவர் நிமிடத்துக்கு 90 எழுத்துகள் டைப் செய்ததை ஸ்டான்போர்டு குழுவினர் 2021-ல் வெளியிட்டார்கள்.

மூளை ஏன் எதிர்க்கிறது?

சரி, சிக்கல் எங்கே? மூளை தயிரைப் போல மிருதுவானது. சிலிக்கான் அதைவிடக் கோடி மடங்குக்கும் மேல் விறைப்பானது. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப மூளை லேசாக அசைந்துகொண்டே இருக்கும். ஊசி அதற்கு ஏற்ப வளைந்து கொடுக்காமல் செல்களை உரசுகிறது.

காலில் முள் தைத்தால் சுற்றிலும் சதை தடிக்கிறது அல்லவா? அதுபோல மூளையின் காவல் செல்கள் ஊசியைச் சுற்றி ஒரு தழும்புச் சுவரை எழுப்புகின்றன. ஊசியால் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள செல்களின் துடிப்பைத்தான் தெளிவாகக் கேட்க முடியும். சுவர் தடித்து, அருகில் உள்ள செல்களும் விலகினால் சிக்னல் மங்கும். உடலின் உப்பு நீர் வேறு, ஊசிகளின் மேல்பூச்சை மெல்ல அரிக்கிறது.

எல்லாம் உடனே பழுதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பக்கவாதத்தால் முடங்கிய கேத்தி ஹட்சின்சன் என்ற பெண், சிப் பொருத்தி 5 ஆண்டுகளுக்குப் பிறகும் ரோபோ கையை நினைப்பால் இயக்கி, தானே காபி குடித்தார். சுமார் 15 ஆண்டுகளில் அவர் பிறர் உதவியின்றிக் குடித்தது அதுதான் முதல் முறை. 2012-ல் இது வெளியானபோது, சிக்னல் முதலில் இருந்த அளவு வலுவாக இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள்.

மிருதுவான பொருள் போதுமா?

நியூராலிங்க் நிறுவனம் ஊசிக்குப் பதிலாக, தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் இழைகளைப் பயன்படுத்துகிறது. இவை தாமாகக் குத்திக்கொண்டு உள்ளே போகாது. ஒரு ரோபோதான் தையல் போடுவதுபோலச் செருக வேண்டும். 2024 ஜனவரியில் நோலண்ட் ஆர்பாவுக்கு 64 இழைகள், 1,024 மின்முனைகளுடன் பொருத்தப்பட்டன. நினைப்பாலேயே செஸ் விளையாடினார். ஆனால் சில வாரங்களிலேயே பல இழைகள் மூளையிலிருந்து வெளியே நழுவிவிட்டன. நிறுவனம் புரோகிராமை மாற்றி எழுதிச் சமாளித்தது.

மூளையைக் குத்தாமல் கார்டெக்ஸின் மேலேயே ஒரு மெல்லிய தகட்டை வைப்பது இன்னொரு வழி. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ குழுவினர் இப்படி 253 மின்முனைகள் வைத்து, பேச்சிழந்த ஒரு பெண் நிமிடத்துக்கு 78 சொற்கள் பேச வழி செய்தார்கள். ஆண்டு 2023. மண்டை ஓட்டைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியாகவே செருகும் ஸ்டென்ட்ரோடு என்ற வலைக்குழாயும் உண்டு. அதில் 16 மின்முனைகள்தான். கேட்கும் சிக்னலும் குறைவு.

இனி இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், எத்தனை மின்முனைகள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பொருளால் செய்தது, எத்தனை ஆண்டுகள் உழைத்தது, பழுதானால் மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். புது மவுஸ் வாங்கும்போது நாம் வாரண்டி கேட்பதில்லையா? தன் பேச்சையும் கையையும் ஒரு சிப்பிடம் ஒப்படைப்பவருக்கு அந்தக் கேள்வி இன்னும் எவ்வளவு முக்கியம்!