தறியோரம் செபம் – 14: பராக்கு

மார்த்தா வீட்டு அடுப்படியைப் போன வாரமே பார்த்துவிட்டோம். மறுபடி சொல்லப் போவதில்லை. இந்த வாரம் பாரிஸ் மடத்துச் சமையல்காரர் சகோதரர் லாரன்ஸ் வருவார் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு சொல் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்புமுன் எங்கள் ஆயா திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவார். "பூசையில பராக்கா இருந்தேன். செபமாலையில பராக்கா இருந்தேன்." பழைய கத்தோலிக்க வீடுகளில் இது அன்றாடச் சொல். இப்போது மறையுரைகளில் 'கவனச்சிதறல்' என்கிறார்கள். அதைக் கேட்டால் ஏதோ உடைந்து கொட்டிவிட்டது போலிருக்கிறது. பராக்கு அப்படியில்லை. எதுவும் உடையவில்லை, பார்வை வேறு பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான். தெருவில் நின்று பராக்குப் பார்க்கும் பிள்ளையை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிவிடும்.

இதே சொல்லை நான் இன்னோரிடத்திலும் கேட்டிருக்கிறேன். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும். நடுநிசி தாண்டி, பாதி ஜனம் பாயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் கட்டியங்காரன் குரல் எழும்: "பராக்! பராக்!" எல்லோரும் எழுந்து உட்காருவோம். ராஜா வருகிறார், இந்தப் பக்கம் பார் என்று பொருள்.

ஆயாவின் பராக்கும் கட்டியங்காரனின் பராக்கும் ஒரே சொல் என்று இத்தனை வருஷம் எனக்கு உறைக்கவே இல்லை. கவனமின்மைக்கும் அதுதான் பெயர், 'கவனி' என்ற கூவலும் அதுதான். தெலுங்கிலும் இப்படியே இரண்டு பொருளும் உண்டு. சமஸ்கிருதத்தில் 'பராக்' என்றால் வெளிப்பக்கமாகத் திரும்பியது. நான்கு நாளாக இதே நினைப்பாக இருக்கிறேன். கட்டியங்காரனும் நம்மைத் திரும்பத்தானே சொல்கிறான்? கண் முன்னால் இருப்பதை விட்டு, வருகிறவர் பக்கம் திரும்பச் சொல்கிறான். கடவுளிடமிருந்து விலகிப் போகும் அதே கழுத்துதான் அவரிடம் திரும்பவும் வேண்டியிருக்கிறது. 'அடடா, மனசு எங்கேயோ போய்விட்டதே' என்று செபத்தின் நடுவில் திடுக்கிடுகிறோமே, அந்த நொடியில் நமக்குள் ஒரு கட்டியங்காரன் கூவுகிறான் என்றே நம்புகிறேன். அந்த நொடிக்காக வெட்கப்பட்டு செபத்தையே கைவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். குழித்தறியில் கால் விட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "தறியில பராக்கு ஆகாது சார்" என்றார்.

"இழை அறுந்துடுமா அண்ணே?"

"அறுறது எப்பவும் அறும். பட்டு இல்லையா? அப்பவே பாத்துட்டா ஒரு முடிச்சு போட்டு, விழுதுல கோத்து, அச்சுல இழுத்து விட்டுடலாம். பாக்காம ரெண்டு சாண் நெய்ஞ்சிட்டா சேலையில கோடு ஓடிடும். அப்புறம் பிரிக்கணும்."

சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து முடிந்தார். எந்த இழை என்று என் கண்ணுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கைவேலையும் செபமும் என்றால் நம் வனத்து அந்தோணியாரைச் சொல்லாமல் முடியாது. ஜனவரி 17-இல் திருநாள் கொண்டாடும் அதே எகிப்து துறவிதான். 105 வயதுவரை வாழ்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் சொல்கிறார். அவருக்கே பாலைவனத்தில் ஒருநாள் மனம் நிற்கவில்லை. பலவித எண்ணங்கள் மொய்க்க, நான் எப்படி மீள்வேன் என்று கடவுளிடம் முறையிட்டுவிட்டு வெளியே வந்தார். தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுவதைக் கண்டார். அவர் வேலையை வைத்துவிட்டு எழுந்து செபித்தார், மறுபடி உட்கார்ந்து பின்னினார், மறுபடி எழுந்தார். வந்தவர் வானதூதர். இப்படியே செய், மீள்வாய் என்றார். அத்தனை பெரிய தபசிக்குக் கிடைத்த பதில் இவ்வளவு எளிது. எழு, உட்கார், எழு.

காந்தி ரோட்டில் பட்டுக்கடையில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு இங்கேதான் பதில் வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதத்தில் நாள் முழுக்க நிற்கிறார். பேருந்தில் செபமாலையை எடுத்தால் மூன்றாவது மணிக்குள் போன் ஒலிக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன் எழுதிய உரையாடல்களில், மனம் ஒரு சங்கீதத்தில் நில்லாமல் அடுத்ததுக்குத் தாவுகிறதே என்று ஜெர்மானுஸ் என்பவர் இதையேதான் புலம்புகிறார். எகிப்தின் முனிவர் ஈசாக் அவருக்குக் கொடுத்த மருந்து ஒரே ஒரு வசனம். திருப்பாடல் 70-இன் முதல் வசனம், சீக்கிரம் வந்து துணை செய்யும் என்று கடவுளைக் கூப்பிடுவது. உண்ணும்போதும், நடக்கும்போதும், தூங்கப் போகும்போதும் அதையே சொல் என்றார். குருக்களும் கன்னியரும் திருப்புகழ்மாலையைத் தொடங்குவது இன்றும் அதைக் கொண்டுதான்.

சகோதரி, வாடிக்கையாளர் எழுந்து போனபின் விரித்துக் காட்டிய சேலைகளை மடிப்பீர்கள் அல்லவா? ஒரு சேலைக்கு ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முகூர்த்த மாதம் என்றால் எத்தனை சேலை மடிக்க வேண்டியிருக்கும்! எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான் எழுதும்போது ஒவ்வொரு பத்தி முடிவிலும் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் இரண்டு பத்தி தவறிவிட்டது.

சகோதரர் லாரன்ஸ் அடுத்த வாரம் கட்டாயம் வருவார். கால் நோவால் சமையலறையை விட்டுச் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாறியவர் அவர். அடுப்படியைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். நான் அந்தச் செருப்பிலிருந்து தொடங்குகிறேன்.