சாலைக்குள் ஒற்றன்! விரலில் காவலன்!

காரை ஓட்டுவது பெரிய காரியம் இல்லை. அதை நிறுத்த இடம் பிடிப்பதுதான் பெரிய காரியம்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வெஸ்ட்வுட் என்று ஒரு கடைவீதிப் பகுதி. டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் அங்கே 15 தெருக்கட்டங்களை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். இடம் தேடி ஒரு கார் சுற்றுவது சராசரியாக 3 நிமிடம் சொச்சம். ‘பூ! மூணு நிமிஷம்தானே?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால், அந்தச் சின்ன வட்டாரத்துக்குள் கார்கள் வீணாகச் சுற்றிய தூரம் 9 லட்சத்து 50 ஆயிரம் மைல்! பூமியையே 38 தடவை சுற்றி வந்திருக்கலாம். புகையாய்ப் போன பெட்ரோல் 47 ஆயிரம் காலன்.

இந்தச் சுற்றலை ஒழித்துக்கட்ட 2011-ல் கிளம்பியது இன்னொரு நகரம், சான்பிரான்சிஸ்கோ. திட்டத்தின் பெயர் ‘எஸ்.எப். பார்க்’.

புதைத்து வைத்த கருவி

கார் நிற்கும் 8,200 இடங்களில், சாலைக்குள்ளேயே ஆளுக்கொரு கருவியைப் பதித்தார்கள். அதற்குக் கண்ணும் கிடையாது; காதும் கிடையாது. பூமியின் காந்த சக்தியை மட்டும் உணரும். கார் என்பது இரும்புக் குவியல்தானே? அது தலைக்கு மேலே வந்து நின்றதும் அந்த இடத்துக் காந்தப் போக்கு லேசாகப் பிசகும். கருவி உடனே ‘வந்தாச்சு’ என்று ரேடியோவில் சொல்லும். கார் கிளம்பினால் ‘போயாச்சு’. சாலையோரத்தில் உள்ள பெட்டி அந்தச் சேதியை வாங்கி அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும். இப்படியே கைமாறிக் கைமாறித் தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். வயரே கிடையாது. எல்லாம் பாட்டரி ஓட்டம். இதைத்தான் ‘கம்பியில்லா உணரி வலை’ என்கிறார்கள்.

சரி, சேதி வந்து என்ன பிரயோசனம்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். எந்தத் தெரு எப்போதும் நிரம்பி வழிகிறதோ அங்கே மீட்டர் கட்டணத்தை மணிக்கு 25 சென்ட் ஏற்றினார்கள். காற்று வாங்கும் தெருவில் குறைத்தார்கள். அப்போது மணிக்கு 25 சென்ட்டுக்குக் கீழே போகவிடவில்லை. 6 டாலருக்கு மேலே ஏறவிடவில்லை. எந்தத் தெருவிலும் ஓர் இடமாவது காலியாக இருக்க வேண்டும் என்பதே குறி.

‘ஜனங்களைக் கொள்ளையடிக்க இது ஒரு புது வழி!’ என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் கடைசியில் பார்த்தால் சராசரிக் கட்டணம் 2 டாலர் 69 சென்ட்டிலிருந்து 2 டாலர் 58 சென்ட்டாக இறங்கியிருந்தது. திட்டம் நடந்த பகுதிகளில், இடம் தேட ஆகும் நேரம் 43 சதவீதம் குறைந்ததாக ஜனங்களே சொன்னார்கள். திட்டம் நடக்காத பகுதிகளில் குறைந்தது 13 சதவீதம்தான். மீட்டர் தகராறில் அபராதச் சீட்டு வாங்குவதும் 23 சதவீதம் குறைந்தது. நகராட்சி தன் அபராத வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்டது என்றால், அது அதிசயம்தான்!

கருவிகள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. அந்த ஊரில் மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்களும் டிராம்களும் உண்டு. அந்த மின்சாரக் கம்பிகளால் காந்தக் கருவிகள் சில இடங்களில் குழம்பிப்போயின. பாட்டரிகளுக்கும் வயசாகிவிட்டது. 2013 டிசம்பர் 30-ந்தேதி கருவிகளை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு மீட்டரில் விழும் காசை வைத்தே எந்தத் தெரு நிரம்புகிறது என்று கணக்குப் போட்டார்கள். கருவிகள் சேர்த்துக் கொடுத்த இரண்டு வருஷத்துக் கணக்கு இல்லாவிட்டால் அந்த யுக்தியும் பிடிபட்டிருக்காது. 2018-ல் இந்தக் கட்டண முறை நகரம் முழுவதற்கும் வந்துவிட்டது.

உயிர் ஊசலாடும் இடம்

தெருவில் கருவி தடுமாறினால் ஒரு கார் கூட ஒரு சுற்றுச் சுற்றும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிக்குக் கவலையில்லை. தலைமாட்டில் எந்திரம், பக்கத்திலேயே நர்சு. ஆபத்து பொது வார்டில்தான். அங்கே சில மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் நர்சு வந்து நாடி பார்ப்பார். காலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், அடுத்த தடவை நர்சு வருவதற்குள் மூச்சுத் திணறிக் கிடக்கலாம். உடம்பு மோசமாவது பெரும்பாலும் திடுதிப்பென்று நடப்பதில்லை. நாடியிலும் ரத்தத்தில் கலந்த ஆக்சிஜனிலும் முன்கூட்டியே அறிகுறி தெரியும். அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை!

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார்கள். பார்ன்ஸ்-ஜூயிஷ் ஆஸ்பத்திரியின் இருதய வார்டில் 41 நோயாளிகள். ஏழு மாத காலம். விரலில் மாட்டும் கிளிப்போடு சின்ன ரேடியோவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கிளிப் எது என்று இப்போது சொல்லவே வேண்டாம். 2020-ல் கொரோனா வந்தபோது நம் ஊர் மருந்துக் கடையில் கிராக்கியாக விற்றதே, அதே ஜாதிதான். சுவர்ப் பிளக்குகளில் செருகிய பெட்டிகள் சேதியைக் கைமாற்றிக் கொண்டுபோயின. கட்டில் கட்டிலாக வயர் இழுக்கும் வேலையே இல்லை.

முடிவு 2010-ல் வெளியானது. ‘ஆஸ்பத்திரிச் சுவர், எந்திரம், நடமாட்டம்... இத்தனைக்கும் நடுவில் ரேடியோ எங்கே ஒழுங்காகப் பேசப்போகிறது?’ என்றுதான் யாருக்கும் சந்தேகம் வரும். ரேடியோ வலையோ 99.68 சதவீதம் சேதியைப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது. காலை வாரியது விரல்!

நோயாளி மனிதர்தானே? சாப்பிடுகிறார், கை கழுவுகிறார், புரண்டு படுக்கிறார். கை அசைந்தால் கிளிப் தப்பாகப் படிக்கும். சில நேரம் கழன்றே போகும். இதனால் உருப்படியாகக் கிடைத்த அளவு நடுத்தரமாகப் பார்த்தால் 80.85 சதவீதம்தான். ஒரு நோயாளியிடம் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. அடிக்கடி அளந்தால், கிளிப் கழன்றதும் சொல்லும் ஒரு மணி வைத்தால், இதைச் சரிக்கட்டலாம் என்று கண்டார்கள்.

அந்த 41 பேரில் மூன்று பேருக்கு உடம்பு மோசமாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டிவந்தது. வலை சேர்த்துவைத்த எண்களைப் பின்னால் எடுத்து ஆராய்ந்தபோது, மூன்று பேரின் சரிவையும் கண்டுபிடிக்கும் அளவுக்கு விவரம் அதிலேயே இருந்தது!

மணி அடித்தால் போதுமா?

இனிமேல்தான் சிக்கல். எண் வந்தால் மணி அடிக்க வேண்டும். எல்லாக் கட்டிலிலும் மணி அடித்தால் நர்சு எதற்கு ஓடுவார்? அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ‘ஜாயின்ட் கமிஷன்’ 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விட்டது. ஆஸ்பத்திரிகளில் அடிக்கும் மணிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை வைத்தியமே தேவைப்படாத வெற்று மணிகளாம்! கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிடுகிறது. சிலர் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். சிலர் நிறுத்தியே விடுகிறார்கள். 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை இப்படி மணிக் கோளாறு சம்பந்தமாக அந்தக் கமிஷனுக்கு வந்த புகார்கள் 98. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தவை.

எந்த மணி அவசியம், எது வெறும் சத்தம் என்று ஆஸ்பத்திரிகள் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும் என்று 2014 ஜனவரி முதல் கமிஷன் விதி போட்டது.