கட்சி கைவிட்டாலும் இலக்கம் அப்படியே இருக்கும்

தேர்தல் நெருங்கும் நேரத்தில் ஒரு வேட்பாளர் மேல் பாரதூரமான குற்றச்சாட்டு எழுகிறது. "இனி அவருக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை" என்று கட்சித் தலைமை அறிக்கை விடுகிறது. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நாங்களும் நம்பிவிடுகிறோம். வேட்புமனுக் காலம் முடிந்திருந்தால், அந்த அறிக்கையால் வாக்குச்சீட்டில் ஒரு புள்ளிகூட மாறாது.

பிரித்தானியாவின் ரொச்டேல் தொகுதியில் 2024 பெப்ரவரியில் இதுதான் நடந்தது. இடைத்தேர்தலில் தொழிற்கட்சி நிறுத்திய அசார் அலி, இஸ்ரேல் மீதான ஒக்டோபர் 7 தாக்குதலைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பெப்ரவரி 12ஆம் திகதி கட்சி அவரைக் கைவிட்டது. வேட்புமனுக் காலம் அதற்குள் முடிந்திருந்ததால், 29ஆம் திகதி வாக்களிக்கப் போனவர்கள் கையில் கிடைத்த சீட்டில் அவர் தொழிற்கட்சி வேட்பாளராகவே இருந்தார். நான்காவதாக வந்தார் என்பது வேறு விடயம். வென்றிருந்தால், கட்சியை நம்பி வாக்களித்தவர்களுக்குக் கட்சியே வேண்டாமென்ற ஒருவர் பிரதிநிதியாகியிருப்பார்.

இலங்கையில், எங்கள் விருப்பு வாக்கு முறையில் சிக்கல் இன்னும் அதிகம். கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைமடு வன்னியில் இருந்தாலும், இந்த மாவட்ட மக்கள் பாராளுமன்றத்துக்கு வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் அங்கே 6 ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியின் பட்டியலிலும் 9 பேர். சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும் இருக்கும். வேட்பாளருக்கு இலக்கம் மட்டுந்தான். கட்சி ஒருவரை இடையில் விலக்கினாலும் அவரது இலக்கம் அங்கேயே கிடக்கும். அதற்கு விழும் விருப்பு வாக்கும் எண்ணப்படும்.

"அந்தாளுக்குப் போடேல்லை, கட்சிக்கு மட்டுந்தான் போட்டனான்" என்று பலர் ஆறுதலாகச் சொல்வார்கள். கவனமாக இருங்கள். கட்சிக்கு விழும் வாக்கை வைத்தே ஆசனங்கள் பங்கிடப்படுகின்றன. அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. நீங்கள் விருப்பு வாக்கை வெறுமையாக விட்டால், அந்தத் தீர்மானத்தை மற்றவர்கள் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கட்சி வேண்டும், அந்த ஆள் வேண்டாம் என்றால், உங்கள் மூன்று விருப்பு வாக்குகளையும் அதே பட்டியலில் நீங்கள் நம்பும் வேறு மூவருக்கு இடுங்கள்.

சட்டம் தடுத்துவிடும் என்றும் காத்திருக்க முடியாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் போட்டியிடத் தடையில்லை. பிரேமலால் ஜயசேகரவின் பெயர் பொதுஜன பெரமுனவின் இரத்தினபுரிப் பட்டியலில் 2020 மார்ச்சிலேயே ஏறிவிட்டது. ஜூலை 31ஆம் திகதி மேல் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஐந்து நாள் கழித்து நடந்த தேர்தலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளுடன் வென்று, செப்டெம்பரில் சத்தியப்பிரமாணமும் செய்தார். 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குற்றச்சாட்டு வேறு, இறுதித் தீர்ப்பு வேறு. அந்த இடைவெளியில் யாரை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு கட்சியுடையது.

அந்த முடிவு பட்டியல் கையளிக்கப்படும் முன் எடுக்கப்பட வேண்டும். கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த துமிந்த சில்வாவுக்கு 2015 பொதுத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு வேட்புமனுவையே மறுத்தது. அதே ஆண்டு தொடங்கிய 'மார்ச் 12 இயக்கம்' வேட்பாளர்களுக்கான தகைமைகளை வகுத்து, கட்சிகளிடம் ஒப்பமும் வாங்கியது. சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்கிற எங்கள் கமக்காரர்கள், வேட்பாளர் தெரிவின்போது மட்டும் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? கட்சியின் தொகுதிக் கிளைக்கும் செயலாளருக்கும் எழுத்தில் கேளுங்கள்: இவர் மேல் வழக்கு உண்டா? கட்சி விசாரித்ததா?

வென்ற பின் கட்சி நீக்கினால் என்ன? அரசியலமைப்பின் 99(13) உறுப்புரைப்படி ஒரு மாதத்தில் ஆசனம் வெற்றிடமாகும். நீக்கப்பட்டவர் அதற்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அப்படிப் போனால், நீக்கம் முறையானது என்று நீதிமன்றம் கண்டால்தான் பதவி போகும். முஸ்லிம் காங்கிரஸ் நீக்கிய நசீர் அஹமட் 2023 ஒக்டோபரில் அப்படித்தான் ஆசனத்தை இழந்தார். விருப்பு வாக்கில் அடுத்து நின்ற அலி சாஹிர் மௌலானா அந்த இடத்துக்கு வந்தார். ஆகவே கட்சி "கைவிட்டோம்" என்றால், ஒழுங்கான விசாரணை வைத்து நீக்கினார்களா, வெறும் ஊடக அறிக்கையா என்று பாருங்கள்.

இன்னொரு ஆபத்து பொய்ச் செய்தி. 2013 செப்டெம்பர் 21, வட மாகாண சபைத் தேர்தல் நாளன்று, வேட்பாளர் அனந்தி சசிதரன் அரச தரப்புக்குத் தாவிவிட்டதாகச் சொல்லும் போலி 'உதயன்' பத்திரிகை யாழ்ப்பாணத்தில் விநியோகிக்கப்பட்டது. வேட்பாளர் விலகினார், நீக்கப்பட்டார் என்று கடைசி இரவில் வட்ஸ்அப்பில் வருவதைக் கட்சியிடமோ தேர்தல் அலுவலகத்திடமோ உறுதிப்படுத்தாமல் அனுப்பாதீர்கள். வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது தேர்தல் சட்டப்படி குற்றம்.

முறைப்பாடுகளைக் கிளிநொச்சிக் கச்சேரியில் தேர்தல் அலுவலகத்தில் கொடுக்கலாம். திகதி, இடம், படம் அல்லது ஒலிப்பதிவு இருந்தால் இணைத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இலஞ்சம், ஊழல் என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி வேட்பாளர்கள் சொத்து விபரம் கொடுக்க வேண்டும். அதே ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்வையிட வாக்காளருக்கும் உரிமையுண்டு.