கிட்டார் மரமும் கேகாலை மஹோகனியும்

இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்பவருக்கு ஒரு விடயத்தை விளக்கத் தேவையில்லை. ஒரே குழியில் கிடைத்த இரண்டு கற்கள் ஒரே நிறையாக இருக்கும். ஒன்று சில ஆயிரத்துக்குப் போகும், மற்றது இலட்சங்களுக்குப் போகும். நிறம், தெளிவு, வெட்டு என்பவற்றோடு சான்றிதழும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கிறது. ஆனால் மரம் என்று வந்துவிட்டால் அதே நாம் கன அடிக் கணக்கை விட்டு வெளியே வருவதில்லை. மரத்தையும் கல்லைப் போலத் தரம் பார்த்து வாங்கும் தொழிலொன்று இருக்கிறது. அது உயர்ரகக் கிட்டார் செய்யும் தொழில்.

வீட்டில் வெறுமனே வாசிக்கவும், மேடையில் ஒலிபெருக்கியில் இணைக்கவும் கூடிய மரக் கிட்டார்களை அக்கூஸ்டிக் எலெக்ட்ரிக் என்கிறார்கள். அமெரிக்காவின் மார்டின் (1833), டெய்லர் (1974) போன்ற நிறுவனங்களின் உயர்ரகக் கிட்டார் ஒன்று மூவாயிரம் டொலரைத் தாண்டும். முன்பலகைக்குப் பெரும்பாலும் அலாஸ்கா, கனடா பக்கத்து ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் தென்னிந்தியாவின் தோதகத்தி அல்லது மஹோகனி. கழுத்துக்கு மஹோகனி. விரல் வைக்கும் பலகைக்குக் கருங்காலி.

மின்சாரப் பகுதிக்கும் எமது கல் வியாபாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. தந்திகளைத் தாங்கும் சிறு துண்டின் கீழே மெல்லிய பட்டி ஒன்றை வைக்கிறார்கள். தந்தி அதிரும்போது அதில் அழுத்தம் ஏறி இறங்கும், அந்த அழுத்தம் மின்சாரமாக மாறும். சில படிகங்களுக்கு இந்தக் குணம் இருப்பதை 1880இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அவர்கள் சோதித்த கற்களில் பளிங்கும் டூர்மலினும் அடக்கம். டூர்மலின் என்ற பெயரே சிங்களத்தில் நாம் சொல்லும் தோரமல்லியிலிருந்து போனதுதான். இன்று அந்த வேலைக்குப் பெரும்பாலும் செயற்கைப் பொருட்களையே பயன்படுத்துகிறார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கிட்டாரின் பின்பலகைக்கு 21 அங்குல நீளம், 8 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள் வேண்டும். பக்கங்களுக்கு 34 அங்குல நீளம், 5 அங்குல அகலத்தில் இரண்டு. தடிப்பு அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு. நான்கையும் சேர்த்தால் ஒரு கன அடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வாள் தின்னும் தூளையும் கழிவையும் சேர்த்தாலும் ஒரு கன அடியில் பல கிட்டார்களுக்கு மரம் தேறும். அதே கன அடி மரம் கதவு நிலையாகப் போனால் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் இந்தத் தொழிலில் மரத்தோடு கடதாசியும் சுத்தமாக இருக்க வேண்டும். சட்டவிரோதமாக வெட்டிய மரத்துக்கு எதிரான தன் சட்டத்தை அமெரிக்கா 2008இல் இறுக்கியது. 2009இல் மடகஸ்கார் கருங்காலிக்காகவும், 2011இல் இந்திய மரத்துக்காகவும் பிரபல கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் அதிகாரிகள் சோதனை நடத்தினர். 2012இல் கிப்சன் மூன்று இலட்சம் டொலர் தண்டம் செலுத்தவும், காடு, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மேலும் ஐம்பதாயிரம் டொலர் கொடுக்கவும் உடன்பட்டது. 2017 ஜனவரி முதல் தோதகத்தி இன மரங்கள் எல்லாம் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குக் கிடைத்தாலும், மரமாக அனுப்புவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற விதி நீங்கவில்லை.

டெய்லர் நிறுவனம் வேறு வழியில் போனது. 2011இல் ஒரு பங்காளியுடன் சேர்ந்து கமரூன் நாட்டில் ஒரு கருங்காலி ஆலையை வாங்கியது. முழுக் கறுப்பான ஒரு மரத்துக்காகப் பத்து மரங்கள் வரை வெட்டி, கோடு விழுந்தவற்றைக் காட்டிலேயே விட்டுவரும் பழக்கம் அங்கே இருந்தது. கோடு விழுந்த மரத்தையும் அதே விலைக்கு வாங்குவோம் என்றார்கள், தமது கிட்டார்களிலும் பூட்டினார்கள். இழப்பு என்று எறிந்தது சரக்காக மாறியது.

எமது நாட்டின் கதை இதற்கு நேர் எதிரானது. களுமெதிரிய என்ற மரம் இலங்கைக்கே உரியது. கறுப்பும் கபிலமும் கலந்த அதன் அழகுக்காக வெள்ளைக்காரர் தளபாடம் செய்து தீர்த்தார்கள். 1859இல் எமர்சன் டெனன்ட் தன் நூலை வெளியிட்டபோதே அது அரிதாகிவிட்டது. இன்று அது அழியும் நிலையில் உள்ள மரங்களில் ஒன்று. அதைப் பற்றி வியாபாரம் பேச இனி எதுவும் இல்லை.

பேசக்கூடியது மஹோகனி. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் நட்டு வளர்த்த மரம். 2003இல் மஹோகனிக்குக் கொண்டுவந்த சர்வதேசக் கட்டுப்பாடு, தாயகத்தில் வளரும் மரங்களைக் குறித்தே விதிக்கப்பட்டது. நட்ட மரத்தை விற்றுவிட்டு மீண்டும் நடலாம், இது காட்டைக் கொள்ளையிடும் வியாபாரமல்ல.

இதில் இறங்க விரும்புபவர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அறுக்கும் முறை. எமது மர ஆலைகளில் அதிகப் பலகை கிடைக்கும்படி அறுப்பார்கள். கிட்டாருக்கு நடுவிலிருந்து பட்டையை நோக்கி, வளைய ரேகைகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்க வேண்டும். அப்படி அறுத்தால் பலகை கோணாது. இரண்டு, உலர்த்தல். ஈரம் நூற்றுக்கு 6 முதல் 8 வரை இறங்க வேண்டும். சபரகமுவ மழைக் காற்றில் அடுக்கி வைத்தால் அது நடக்காது, உலர்த்தும் அறை வேண்டும். ஈரத்தோடு போன மரம் குளிர் நாட்டு வீட்டின் வறண்ட காற்றில் வெடிக்கும். மூன்று, ஆவணம். எந்தத் தோட்டத்து மரம், யார் வெட்டினார், எந்த அனுமதியில் வந்தது என்பதற்கு ஒரு கோப்பு வேண்டும். வெட்டுவதற்கும், ஏற்றிச் செல்வதற்கும், ஏற்றுமதிக்கும் எந்தெந்தப் பத்திரம் தேவை என்பதை வன பரிபாலனத் திணைக்களத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வீணைக்குப் போகும் பலா மரத்தின் மீது ஆசை வந்தால் இன்னும் கவனம். எமது நாட்டில் பலா வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

கொள்கலன் நிறைய மரம் அனுப்பும் கனவோடு தொடங்கத் தேவையில்லை. நன்றாக அறுத்து உலர்த்திய இருபது சோடிப் பலகைகளை மாதிரியாகச் செய்து, கிட்டார் செய்யும் ஒரு பட்டறைக்கு அனுப்பிப் பாருங்கள். அவர்கள் எத்தனையைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை எழுதி வையுங்கள். உலர்த்தும் அறைக்குக் கடன் வாங்குவதா இல்லையா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.