பழைய செயின்சாவை மாத்தணுமா?

2018 கஜா புயலில் சாய்ந்த எங்கள் தென்னைகளை அறுத்த செயின்சா அது. இப்போ பாதியில நின்னு நின்னு போகுது. "இன்னும் பத்து வருஷம் ஓடும்"ங்கிறார் அப்பா.

மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

செயின், பார், ஸ்ப்ராக்கெட் எல்லாம் தேயற சாமான்கள். கார்புரேட்டர் டயாபிரமும் பெட்ரோல் டியூபும் வயசானா இறுகிப்போகும். நின்னுபோறதுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், செலவும் குறைவு.

அடுத்து இன்ஜின். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். நீளவாக்கில் கீறல் இல்லை. நல்லாவே இருக்கு.

கடைசியாக செயின் பிரேக். அது பிடிக்கவில்லை. பார் நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்த வேண்டியது இதுதான்.

பிரேக் பாகம் கிடைத்தால் பழசு இருக்கட்டும். கிடைக்கலைன்னா, அப்பா கோவிச்சாலும் புதுசுதான்.