நரம்பில் ஏறும் பிளாட்டினம்!

பிளாட்டினம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நகைக்கடை விளம்பரம் வரும். கெமிஸ்ட்ரி லேபில் எந்த ஆசிட்டுக்கும் சீக்கிரத்தில் அசையாத உலோகம் என்று படித்தது வரும். அந்தப் பிளாட்டினத்தைக் கரைத்து மனிதனின் நரம்பில் ஏற்றுகிறார்கள், அதுவும் புற்றுநோய்க்கு மருந்தாக, என்றால் நம்ப முடிகிறதா நண்பர்களே? அந்த மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். இதைக் கண்டுபிடித்த கதை நம் எலக்ட்ரிகல் பிரிவு மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளக் கூடிய கதை.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்று ஒருவர் இருந்தார். டாக்டர் அல்ல, இயற்பியல் படித்தவர். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதன் உள்ளே தெரியும் கோடுகளைப் படத்தில் பார்த்தார். காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூள் தூவினால் கோடு கோடாக நிற்குமே, அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. அப்படியென்றால் செல் பிரிவதில் மின்புலத்துக்கு வேலை இருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். சரி, மின்சாரம் கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினார். முதலில் கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் ஈ.கோலை என்ற சாதாரண பாக்டீரியாவை எடுத்தார். எலக்ட்ரோடு பிளாட்டினம். அதுதான் எதோடும் வினைபுரியாதே என்ற நம்பிக்கை!

ஏ.சி. மின்சாரத்தை ஆன் செய்த பிறகு பாக்டீரியா பிரிவதை நிறுத்திவிட்டது. ஆனால் சாகவில்லை. பிரியாமல் நீளமாக மட்டும் வளர்ந்துகொண்டே போனது. சில பாக்டீரியாக்கள் வழக்கமான நீளத்தைப் போல 300 மடங்கு வரை நீண்டு நூல் மாதிரி கிடந்தன. வேறு ஒருவராக இருந்தால் "மின்சாரம் செல் பிரிவதைத் தடுக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். இவர் குழு அப்படிச் செய்யவில்லை. வெப்பமா, புற ஊதாக் கதிரா, அமிலத்தன்மையா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்தார்கள். கடைசியில் அகப்பட்டது எலக்ட்ரோடு! மின்சாரம் ஓட ஓட அதிலிருந்து பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து புதுச் சேர்மமாக மாறியிருந்தது. வேலையைச் செய்தது மின்சாரம் அல்ல, அந்தச் சேர்மம். 1965-ல் இதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

பிறகு பல பிளாட்டினச் சேர்மங்களைச் சோதித்ததில் முன்னால் வந்து நின்றது ஒரு பழைய சரக்கு. மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் 1844-லேயே தயாரித்து வைத்த உப்பு. நூற்றிருபது வருஷம் யாருக்கும் அதன் மருத்துவ குணம் தெரியாது. பாக்டீரியா பிரிவதை நிறுத்துகிறது என்றால் புற்றுநோய்ச் செல் பிரிவதையும் நிறுத்துமா? எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் கரைந்தன. 1969-ல் அந்த முடிவு வெளிவந்தது. 1978-ல் அமெரிக்க அரசு மருந்தாக அனுமதித்தது.

இது எப்படி வேலை செய்கிறது? நடுவில் ஒரு பிளாட்டினம் அணு. அதைச் சுற்றிச் சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரின். குளோரின் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் சிஸ். எதிரெதிர் மூலைகளில் இருந்தால் டிரான்ஸ். அணுக்கள் அதே, எண்ணிக்கையும் அதே. ஆனால் சிஸ் மருந்து, டிரான்ஸ் புற்றுநோய்க்கு உதவாதது. நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற ஐசோமர் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது.

இந்தக் குளோரின்கள்தான் மருந்துக்கு மூடி. சுற்றிலும் குளோரைடு நிறைய இருக்கும் வரை மூடி கழலாது. இரத்தத்தில் குளோரைடு அதிகம். அதனால் மருந்து பெரும்பாலும் மூடியபடியே பயணம் செய்கிறது. செல்லுக்குள் குளோரைடு பல மடங்கு குறைவு. உள்ளே போனதும் மூடி கழன்று அந்த இடத்தில் தண்ணீர் மூலக்கூறு வந்து உட்காருகிறது. இப்போது பிளாட்டினத்துக்குப் பிடிமானம் வேண்டும். அது போய்ப் பிடிப்பது டி.என்.ஏ.வை. அதிலும் குவானின் என்ற எழுத்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும் இடமாகப் பார்த்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. பேண்ட் ஜிப்பில் ஒரே பக்கத்தில் உள்ள அடுத்தடுத்த இரண்டு பற்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் ஜிப் ஓடுமா? டி.என்.ஏ. அந்த இடத்தில் வளைந்து போகிறது, படியெடுக்க முடியாமல் சிக்குகிறது. செல் ரிப்பேர் செய்து பார்க்கும். முடியாவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இதை நான் படிக்கத் தொடங்கியது எங்கள் பெரியம்மாவுக்காக. கர்ப்பப்பை வாய்ப் புற்று. வாரத்தில் ஐந்து நாள் 'கரண்ட்', ஒரு நாள் நரம்பு ஊசி. எங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால் "என்னா ஏத்துறாங்கன்னு கேட்டுச் சொல்லுடா" என்று என்னைத்தான் அனுப்பினார்கள். பெரியப்பாவுக்கு ஒரே குறை: "மருந்து இத்துனூண்டு, மீதியெல்லாம் உப்புத் தண்ணிதாண்டா. பாட்டில் பாட்டிலா ஏத்தி ஏமாத்துறாங்க." நர்ஸ் அக்கா எழுதிக் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு நூலகத்தில் தேடியபோதுதான் தெரிந்தது, அந்த உப்புத் தண்ணீர்தான் பாதி வைத்தியம் என்று. லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அதிலுள்ள குளோரைடு, மருந்தின் மூடி பாட்டிலிலேயே கழன்றுவிடாமல் காக்கிறது. இன்னொன்று, சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிறைய நீர் ஏற்றி, நிறையச் சிறுநீர் போனால்தான் சிறுநீரகம் தப்பும். பெரியப்பாவிடம் இதை விளக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. 'கரண்ட்' என்பது மின்சாரம் அல்ல, கதிர்வீச்சு என்று விளக்க இன்னொரு சாயங்காலம். (எலக்ட்ரிகல் படிக்கிறவன் சொல்லியே நம்பவில்லை!)

விதைப்பைப் புற்றில் இந்த மருந்து செய்தது சாதாரணக் காரியம் அல்ல. 1974-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற டாக்டர் இதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றான வின்பிளாஸ்டின், நம் ஊர் வேலி ஓரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியில் இருப்பது. அதற்கு முன் உடம்பெங்கும் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைப்பதே அபூர்வம். பிறகு பத்தில் ஏழெட்டுப் பேர் குணமானார்கள்.

எல்லாப் புற்றிலும் இப்படி இல்லை. சூல்பைப் புற்றில் முதலில் நன்றாகக் கேட்கும், பிறகு திரும்பி வரும்போது பல பேருக்கு மருந்து வேலை செய்யாது. செல்கள் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கவும், கட்டை அவிழ்த்து ரிப்பேர் செய்யவும் பழகிக்கொள்கின்றன. அதை எப்படிப் பழகுகின்றன என்று அறியத்தான் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் செல்களை வளர்த்து அதில் சிஸ்பிளாட்டினை ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு கூத்து. லேபில் பல மருந்துகளை டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் கரைப்பது வழக்கம். சிஸ்பிளாட்டினை அதில் கரைத்தால் அந்தத் திரவமே குளோரினைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், மருந்து செத்துப்போகும். 2014-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, பல ஆய்வுக்கூடங்கள் இப்படித்தான் கரைத்துப் பரிசோதனை செய்து வந்தன என்று எடுத்துக் காட்டியது. அலுமினிய ஊசியும் ஆகாது, பிளாட்டினம் வீழ்படிவாகிவிடும்.

வாந்திக்கு 1990-களில் ஒன்டான்செட்ரான் போன்ற நல்ல மருந்துகள் வந்துவிட்டன. காதுதான் பிரச்சினை. காதுக்குள் இருக்கும் மெல்லிய செல்களை இது கெடுத்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போடுகிறார்கள் என்றால் "காதில் ரீங்காரம் கேட்கிறதா?" என்று நீங்களே கேளுங்கள். பெரியம்மா மாதிரி ஆட்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டதற்கு, "ரெண்டு வாரமா வண்டு கத்துது, வயசாச்சுல்ல" என்றார். மறுநாளே டாக்டரிடம் சொன்னோம். காதைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார்.