திட்டக்குடியில் பஸ் ஏறினால் டச்சுக்காரன் இறங்கிய துறை! தெரியுமா?

காற்றாலை, கால்வாய், மரச் செருப்பு, நீலப் பூ போட்ட பீங்கான் தட்டு... ஹாலந்து கிராமங்களுக்கு ஒரு நாள் சுற்றுலா போனவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டில் ஏறத்தாழ கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, தெரியுமா? கிண்டர்டைக் என்ற ஊரில் மட்டும் 19 காற்றாலைகள்! மாவு அரைக்க என்று நினைத்தீர்களா? இல்லை! தாழ்ந்த நிலத்தில் தேங்கும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ள! பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டியவை!

அந்த ஹாலந்து நாட்டு டச்சுக்காரர்கள் நம் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் கிடங்கு போட்டு வியாபாரம் செய்தார்கள், தெரியுமா? காலையில் திட்டக்குடியில் பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் அங்கே போய்விடலாம். வழியெல்லாம் அதிசயம்!

முதலில் ஊர்ப் பேர். வசிட்டர் பூசை செய்த 'வசிட்டகுடி'தான் மருவித் திட்டக்குடி ஆனது என்பார்கள் பெரியவர்கள். ஆற்றின் கதையிலும் வசிட்டர் வருகிறார்! வசிட்ட நதியும் சுவேத நதியும் கலந்துதான் வெள்ளாறு. சுவேதம் என்றால் என்ன? வெள்ளை!

டச்சுக்காரன் தண்ணீரைத் துரத்தப் பாடுபட்டான். நமக்கோ அதைப் பிடித்து வைப்பதுதான் பாடு! பக்கத்திலேயே கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரி. தொழுதூரில் வெள்ளாற்றை மறித்து, வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். எவ்வளவு பிடிக்கும்? சுமார் 250 கோடி கன அடி! பாசனம் பெறுவது ஏறக்குறைய 24,000 ஏக்கர்! இன்னொரு வியப்பு: எல்லோர் வாயிலும் வெலிங்டன்தான். ஆனால் அது சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பேர்!

பெண்ணாடத்தில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். கோயில் விமானத்தைப் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். யானை படுத்திருப்பது போலவே இல்லை? அதனால்தான் 'தூங்கானை மாடம்'!

அடுத்து விருத்தாசலம். இங்கே மணிமுத்தாற்றில் சுந்தரர் 12,000 பொன்னைப் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று சொல்கிறது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுப்பது!

ஆனால் என் கண் நிலைகுத்திப் போவது பீங்கான் தொழிற்பேட்டையில்தான். கொலு பொம்மையின் உள்ளே ஏன் காலியாக இருக்கிறது, யோசித்ததுண்டா? மோர் பதத்தில் கரைத்த மண் கலவையை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கிறது! ஓரமெல்லாம் மண் ஏடு படிகிறது. கொஞ்ச நேரம் கழித்து அச்சைக் கவிழ்த்தால் நடுவில் இருப்பது கொழகொழவென்று வெளியே வந்துவிடும். ஏடு மட்டும் நிற்கும். அதுதான் பிள்ளையார்! அச்சைப் பிரிக்கும்போது அந்தப் பிள்ளையார் சாம்பல் நிறத்தில், தொட்டால் குழிவிழும் மென்மையில் இருக்கிறார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மூக்கிலிருந்து தொந்தி வரை மெல்லிய கோடு. ஈரப் பஞ்சால் ஒரு இழுப்பு. கோடு காணோம்! காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு இளைத்திருப்பார்! அதே ஊரில்தான் மின்சார ஃபியூஸ் கட்டையும் செய்கிறார்கள். பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்லூரியே இருக்கிறது!

ஹாலந்தின் புகழ்பெற்ற டெல்ஃப்ட் நீலத் தட்டு அசல் பீங்கானே இல்லை, தெரியுமா? சீனப் பீங்கானைப் பார்த்து ஆசைப்பட்டு, சாதாரண மண் தட்டின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகு பூசி, நீலத்தில் படம் எழுதினார்கள்! 1653-இல் தொடங்கிய பட்டறை ஒன்று இன்னமும் அங்கே ஓடுகிறது!

முந்திரிக் காடுகளைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு முடியும் இடம்! 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு எதற்கு வந்தார்கள்? மிளகுக்கா? இல்லை, துணிக்கு! கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் இந்தோனேசியத் தீவுகளில் சோழமண்டலக் கரைத் துணிக்கு அப்படியொரு கிராக்கி. இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருளாக்கி, ஐரோப்பாவில் விற்றார்கள்! 1825-இல் இங்கிருந்த இடங்களையெல்லாம் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

போனவர்கள் எதை விட்டுப் போனார்கள்? உங்கள் வாயில் இருக்கிறது! 'கையில துட்டு இருக்கா?' என்கிறோமே, அந்தத் துட்டு டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக் காசு! கக்கூஸ்? அதுவும் டச்சுச் சொல்தான்!

1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதியது இதே பரங்கிப்பேட்டையில்! 1830-களில் இங்கே இரும்பு உருக்கினார்கள், நம்புவீர்களா?

மாசி மகத்தன்று வந்தால் ஆற்றுக்குத் தென்புறம் கிள்ளைக்குப் போங்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடலில் தீர்த்தவாரிக்காக அவ்வளவு தூரம் வருகிறார். எதிர்கொண்டு மாலை சாற்றி வரவேற்பது யார், தெரியுமா? கிள்ளை தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியர்கள்!